பேப்பர் எழுதுவதை யார் சொல்லித் தருவது?

"மேடம், இதிலேர்ந்து எத்தனை பேப்பர் எடுக்கலாம்?"

பிஎச்.டி. மூன்றாம் வருடத்தில் கைடின் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட இருநூறு பக்கம் இருக்கும். கொத்திலிருந்து கறிவேப்பிலையை உருவுவது மாதிரி பேப்பரை உருவிவிடலாம் என்பது நினைப்பு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கோர்ஸ்வொர்க்கில் ஆய்வு முறை சொல்லித் தருகிறோம், புள்ளியியல் சொல்லித் தருகிறோம். செய்த வேலையை ஜர்னலில் வெளியிடுவது எப்படி என்பதை மட்டும் "போகப் போகத் தெரியும்" என்று விட்டுவிடுகிறோம். ஊரில் நீச்சல் பழக்குகிறவர்கள் பிள்ளையைக் கிணற்றில் தள்ளுவார்கள்தான். ஆனால் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தான் தள்ளுவார்கள், பின்னாலேயே ஒருவர் குதிக்கவும் செய்வார். நாம் தள்ளுவதோடு சரி.

இப்போதுதான் பதிவு செய்திருக்கும் ஆய்வாளர்களுக்கும், முதல் மாணவரைச் சேர்த்துக்கொண்டு விழிக்கும் புதிய கைடுகளுக்கும் இந்தக் கட்டுரை.

ஆய்வேடு வேறு, பேப்பர் வேறு. ஆய்வேட்டைப் படிக்கப்போகிறவர் தேர்வாளர். படித்தே ஆக வேண்டியவர். அவரிடம் "எனக்கு இந்தத் துறை தெரியும், முன்னோர் சொன்னதெல்லாம் படித்திருக்கிறேன், முறையாக வேலை செய்திருக்கிறேன்" என்று காட்ட வேண்டும், அதனால் அது நீளும். ஜர்னல் வாசகருக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. தலைப்பைப் பார்ப்பார், சுருக்கத்தை ஓட்டமாகப் பார்ப்பார், தன் வேலைக்கு உதவாது என்று பட்டால் அடுத்ததற்குப் போய்விடுவார். அவருக்கு வேண்டியது ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலை ஏன் நம்பலாம் என்பதற்கான ஆதாரம்.

ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் இவரைப் போன்ற பலரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். இந்தியக் குடிநீர்த் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. இந்த மாணவி ஒரு வருடம் மாதாமாதம் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்து அளந்திருக்கிறார். ஆய்வேட்டில் ஆறு அத்தியாயம். ஆறு அத்தியாயமும் ஆறு பேப்பர் ஆகாது. முன்னாய்வுகளைத் தொகுக்கும் அத்தியாயம் பெரும்பாலும் பேப்பரே ஆகாது.

நான் வைக்கும் சோதனை எளியது. "இதுவரை இப்படி நினைத்துக்கொண்டிருந்தோம், நான் பார்த்ததில் இப்படி இருக்கிறது" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது ஒரு பேப்பர். அப்படி இரண்டு வாக்கியம் கிடைத்தால் இரண்டு. ஒரே வாக்கியத்தை மூன்றாக நறுக்கி மூன்று ஜர்னலுக்கு அனுப்புவதும் நடக்கிறது. இதழாசிரியர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பெயரும் கெட்டுப்போகிறது.

இப்போது அந்த மாணவி எழுதிக்கொண்டுவந்த சுருக்கத்தைப் பாருங்கள்:

"நீர் உயிரினங்களுக்கு இன்றியமையாதது. உலகெங்கும் நிலத்தடி நீர் மாசடைந்து வருகிறது. ஃப்ளோரைடு ஒரு முக்கிய மாசுப் பொருள். இந்த ஆய்வில் பல்வேறு கிணறுகளிலிருந்து மாதிரிகள் சேகரிக்கப்பட்டு ஆராயப்பட்டன. முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன."

ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும். ஃப்ளோரைடை எடுத்துவிட்டு நைட்ரேட் என்று போட்டாலும் பொருந்தும். "முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன" என்பது, முகூர்த்த நேரம் போடாமல் "திருமணம் நடைபெறும்" என்று மட்டும் பத்திரிகை அடிப்பது மாதிரி. முடிவு என்ன என்று சொல்ல வேண்டிய இடமே அதுதான்.

"சரி, இதை மூடி வை. ஒரு வருஷம் அலைஞ்சியே, என்னதான் பார்த்தே?" என்று தமிழில் கேட்டால் பதில் உடனே வரும். "மழை பெஞ்சா குறையும்னு நெனச்சேன் மேடம். திறந்த கிணத்துல குறைஞ்சுது. போர்ல குறையவே இல்ல, சிலதுல ஏறிடுச்சு." அவ்வளவுதான், பேப்பர் கிடைத்துவிட்டது. இதை எழுதினால் இப்படி வரும்:

"மழைக்குப் பின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு நீர்த்துப்போகும் என்று பொதுவாக எதிர்பார்க்கிறோம். அடுத்தடுத்து இருந்த திறந்த கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து அளந்தோம். திறந்த கிணறுகளில் எதிர்பார்த்தபடி குறைந்தது. ஆழ்துளைக் கிணறுகளில் குறையவில்லை, சிலவற்றில் கூடியது. எனவே மழைக்குப் பின் ஒரு முறை மட்டும் மாதிரி எடுத்து ஓர் ஊரின் குடிநீர் பாதுகாப்பானது என்று முடிவு செய்ய முடியாது."

உண்மையான பேப்பரில் எத்தனை கிணறு, எவ்வளவு கூடியது என்ற எண்களும் இதிலேயே வந்துவிடும். நம் மாணவர்களின் சிக்கல் ஆங்கிலம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆங்கிலத்தைத் திருத்தித் தர ஆள் கிடைப்பார்கள், கருவிகளும் வந்துவிட்டன. எதைச் சொல்ல வருகிறோம் என்ற தெளிவை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து வைக்க முடியாது. அந்தத் தெளிவு முதலில் தமிழில் வருகிறதென்றால் தமிழிலேயே வரட்டும்.

தெளிவாக எழுதத் தெரியாமல் தடுமாறியவர்கள் பட்டியலில் ராமானுஜனும் உண்டு. 1911-இல் அவருடைய முதல் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. இதழாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார். கைப்பிரதி ஒரே முறையில் ஏற்கப்படவில்லை, பல தடவை போய்த் திரும்பியது. முறைகள் புதியவை, ஆனால் மிகச் சுருக்கமாகவும் தெளிவில்லாமலும் எழுதப்பட்டிருக்கின்றன, இந்தப் பயிற்சி இல்லாத வாசகரால் பின்தொடர முடியாது என்பது ஆசிரியரின் எண்ணம். அவர் கட்டுரையைத் தூக்கி எறியவில்லை, திரும்பத் திரும்பத் திருத்த வைத்தார். ஐந்தே வருடம் கழித்து, 1916-இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு ஆய்வின் பேரில் பட்டம் கொடுத்தது. இன்றைய பிஎச்.டி.க்கு முன்னோடியான பட்டம் அது. லண்டன் கணிதக் கழக இதழில் 1915-இல் வெளியான நீண்ட கட்டுரைதான் அதற்கு அடிப்படை. மேதைமையைக் கற்றுக்கொடுக்க முடியாது. கட்டுரையாக எழுதும் முறையைக் கற்றுக்கொடுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எழுதும் வரிசை பற்றி ஒரு வார்த்தை. அறிவியல் கட்டுரை முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்று அச்சாகும். அந்த வரிசையில் எழுத உட்கார்ந்தால் முன்னுரையிலேயே ஒரு மாதம் போய்விடும். படங்களையும் அட்டவணைகளையும் முதலில் மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அது என்ன சொல்கிறது என்று ஒரு வரி. பிறகு முறை, முடிவுகள், விவாதம், முன்னுரை. சுருக்கமும் தலைப்பும் கடைசி.

எந்த ஜர்னல்?

இந்தக் கேள்வியை எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு கேட்கிறார்கள். எழுத ஆரம்பிக்கும்போதே கேட்க வேண்டியது. பதிலும் உங்கள் கையிலேயே இருக்கிறது. நீங்கள் மேற்கோள் காட்டியிருக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை எந்த இரண்டு மூன்று ஜர்னல்களில் வந்தவை? உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த ஜர்னலின் கடைசி இரண்டு வருட இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். உங்களுடையது மாதிரி ஒன்றுகூட இல்லையென்றால் அனுப்ப வேண்டாம். சந்தா கட்ட வழியில்லை என்ற காரணமும் இப்போது குறைந்திருக்கிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் 2025 முதல் மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன.

"எவ்வளவு பணம் கட்டணும்?" என்பது அடுத்த கேள்வி. சந்தாவில் ஓடும் ஜர்னல்களில் பெரும்பாலும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. இதைச் சொன்னால் நம்ப மறுக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள், அந்த அளவுக்குப் பணம் கட்டுவது பழகிப்போய்விட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் ஜர்னல்களில் பல, எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்குகின்றன. அவற்றில் நல்லவையும் ஏராளம், கட்டண விலக்கு தருபவையும் உண்டு. பணம் வாங்குவதாலேயே ஒரு ஜர்னல் போலி ஆகிவிடாது. பணம் வாங்கிக்கொண்டு பரிசீலனையே செய்யாமல் போடுவதுதான் போலி.

அது எவ்வளவு தூரம் போகும் என்று 2013-இல் ஒரு பத்திரிகையாளர் சோதித்துப் பார்த்தார். ஜான் போஹன்னன் என்று பெயர், 'சயின்ஸ்' இதழுக்காகச் செய்தது. பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அது மாதிரியான ஒரு லைக்கனிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய் செல்களைத் தடுக்கிறது என்று வேண்டுமென்றே ஓட்டைகளோடு ஒரு கட்டுரை தயாரித்தார். இல்லாத ஆய்வாளர்கள், இல்லாத நிறுவனங்கள். 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன.

நம் நாட்டில் இந்தத் தொழில் செழித்ததற்கு விதிகளும் ஒரு காரணம். யூஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிப்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும். தேவை கட்டாயமானது, கடைகள் திறந்தன. யூஜிசியே வைத்திருந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்க வேண்டிவந்தது. 2019-இல் அதற்குப் பதிலாகத் தரமான இதழ்களின் 'கேர்' பட்டியல் வந்தது. 2022 விதிகளில் கட்டாயமே போய்விட்டது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையும் கைவிட்டார்கள். பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் இன்னும் பேப்பர் கேட்கின்றன, அதனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். பட்டியலைப் பார்த்து டிக் அடிக்கும் காலம் முடிந்தது, நல்லது கெட்டது பார்க்க நாமே பழக வேண்டும்.

பெரிய பதிப்பகத்தின் பெயரைப் பார்த்ததும் நிம்மதி அடைவதும் ஆபத்து. வைலி நிறுவனம் வாங்கிய ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். இன்று இருப்பது நாளை நீக்கப்படலாம். போலி இணையதளத்தில் உண்மையான ஜர்னலின் பெயரைப் போட்டு ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியர் குழுவில் இருக்கும் இரண்டு பேராசிரியர்களின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அவர்களே இந்த ஜர்னலைக் குறிப்பிடுகிறார்களா பாருங்கள். பழைய கட்டுரை ஒன்றின் டிஓஐ எண்ணை, அதாவது அந்தக் கட்டுரைக்கென்றே உள்ள நிலையான இணைய அடையாள எண்ணை, சொடுக்கினால் அதே கட்டுரை திறக்கிறதா பாருங்கள். "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று முதல் வருட மாணவருக்கு மெயில் வந்து, மூன்று நாளில் ஏற்புக் கடிதம் என்று வாக்குறுதியும் இருந்தால் எதையும் பார்க்க வேண்டாம். அழித்துவிடுங்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் பற்றிக் கேட்பீர்கள். முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கு அது. சராசரிதான். உங்கள் கட்டுரைக்கு அது மதிப்பெண் ஆகாது.

அனுப்பிய பிறகு

ஒரு நேரத்தில் ஒரு ஜர்னலுக்குத்தான் அனுப்பலாம். இரண்டு இடத்தில் விண்ணப்பம் போட்டு வைப்பது வேலை தேடும்போது சரி, இங்கே குற்றம்.

முதலில் இதழாசிரியர் பார்ப்பார். அங்கேயே திரும்பி வருபவை நிறைய. பெரும்பாலும் காரணம் தரம் ஆகாது, பொருத்தமில்லாமைதான். தாண்டினால் அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்குப் போகும். சம்பளம் கிடையாது, தங்கள் வேலைக்கு நடுவே செய்கிறார்கள். மாதக்கணக்கில் ஆகும். சைனாப்சிஸ் (ஆய்வேட்டுக்கு முன் கொடுக்கும் சுருக்கம்) கொடுக்க மூன்று மாதம் இருக்கும்போது அனுப்பிவிட்டுப் பதறுவதில் பொருளில்லை.

இந்த ஏற்பாடு ஆதியிலிருந்தே இருந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் அறிவியல் இதழ்கள் 1665-இல் பாரிஸிலும் லண்டனிலும் தொடங்கின. 'நேச்சர்' இதழ் எல்லாக் கட்டுரைகளையும் வெளிப் பரிசீலனைக்கு அனுப்புவதை முறையாக்கியது 1973-இல்தான். 1936-இல் ஐன்ஸ்டைன் அனுப்பிய கட்டுரையை 'ஃபிசிக்கல் ரிவ்யூ' ஒரு நிபுணரிடம் காட்டியபோது, அச்சிடத்தானே அனுப்பினேன், யாரைக் கேட்டுக் காட்டினீர்கள் என்று கோபித்துக்கொண்டு திரும்ப வாங்கிவிட்டார். வேடிக்கை என்னவென்றால் அந்த நிபுணர் சுட்டிய பிழை உண்மையிலேயே இருந்தது. பின்னால் வேறு இதழில் வந்தபோது முடிவு மாறியிருந்தது.

'மேஜர் ரிவிஷன்' என்று பதில் வந்தால் மாணவர்கள் முகம் செத்துப்போகிறது. நான் காபி வாங்கித் தருவேன். அது நல்ல செய்தி. "இதைப் போட எங்களுக்கு விருப்பம் இருக்கிறது, ஆனால் இதெல்லாம் சரி செய்" என்று அர்த்தம். அந்த மெயிலை இரண்டு ராத்திரி ஆறப்போட்டுப் பிறகு திறக்க வேண்டும். முதல் நாள் எழுதும் பதில் எப்படி இருக்கும் என்பதற்கு நம் தர்மபுரி மாணவியையே எடுத்துக்கொள்வோம். பரிசீலித்தவர் எழுதியிருக்கிறார்: "கிணறுகளின் எண்ணிக்கை போதாது. மாவட்டம் முழுவதற்கும் பேசுவது எப்படி?"

மாணவியின் முதல் பதில்: "மதிப்பீட்டாளர் எங்கள் கட்டுரையைச் சரியாகப் படிக்கவில்லை. எண்ணிக்கை போதுமானது."

இரண்டு நாள் கழித்து, சேர்ந்து உட்கார்ந்து எழுதியது: "சுட்டியதற்கு நன்றி. எங்கள் மாதிரியை வைத்து மாவட்டம் முழுவதற்கும் பேச முடியாது என்பது சரி. தலைப்பிலும் முடிவுரையிலும் 'மாவட்டம்' என்பதை நீக்கி, ஆய்ந்த கிராமங்களின் பெயரைச் சேர்த்திருக்கிறோம். ஆனால் கிணறுகளைக் கூட்டுவதைவிட அதே கிணறுகளை எல்லா மாதமும் அளப்பதுதான் எங்கள் கேள்விக்குத் தேவைப்பட்டது. அதற்கான காரணத்தை முறைப் பகுதியின் இரண்டாம் பத்தியில் விளக்கியிருக்கிறோம்."

பாதி ஒப்புக்கொண்டிருக்கிறது, பாதி மறுத்திருக்கிறது, எங்கே மாற்றம் என்றும் காட்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. காரணத்தோடு மறுத்தால் எந்த நல்ல ஆசிரியரும் கேட்பார். என் கணக்கில் ஒரு கைடு மாணவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, இந்தப் பதில் கடிதத்தைத் தானே எழுதிக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைப்பது.

ரிஜெக்டே ஆனாலும் குறிப்புகளை வீணாக்கக் கூடாது. இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் 1964-இல் எழுதிய கட்டுரையை 'ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்' திருப்பி அனுப்பியது. அவர் சில வரிகள் சேர்த்து அமெரிக்க இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். புதிதாக ஒரு துகள் இருக்கும் என்ற குறிப்பு அந்தச் சேர்க்கையில்தான் வந்தது. 2013-இல் நோபல்.

யார் பெயர் போடுவது?

இதைப் பேசக் கூச்சப்படுகிறோம், அதனால்தான் சண்டை வருகிறது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்வதைப் பல துறைகள் ஏற்றிருக்கின்றன: ஆய்விலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, கடைசிப் பிரதிக்கு ஒப்புதல், தவறு வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் கட்டுரையின் ஆசிரியர். துறைத் தலைவர் என்பதற்காகவும் கருவியைப் பயன்படுத்த விட்டதற்காகவும் பெயர் போடுவது இதில் சேராது, நன்றி சொன்னால் போதும். இதை வேலை தொடங்கும்போதே தாளில் எழுதி வைத்துவிடுங்கள். முடிந்த பிறகு பேசினால் மாணவர் வாய் திறக்க மாட்டார். செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கட்டுரையின் ஆசிரியராகப் போடக் கூடாது என்பதில் பெரிய பதிப்பகங்கள் ஒரே குரலில் இருக்கின்றன. பயன்படுத்தியிருந்தால் சொல்லிவிட வேண்டும்.

பிறர் எழுத்தை எடுப்பது பற்றி 2018 யூஜிசி விதி கறாரானது. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஒரு வருடம் சமர்ப்பிக்கவே முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. இந்த எண்ணைக் குறைக்க வார்த்தைக்கு வார்த்தை மாற்றிப் போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதி, யார் சொன்னது என்று குறித்தால் முடிந்தது.

புதிய கைடுகளுக்கு ஒன்று. வாரம் ஒரு மணி நேரம் மாணவர்களை உட்கார வைத்து, வெளியான ஒரு கட்டுரையைக் கொடுத்து "நீ பரிசீலிக்கிறவளா இருந்தா என்ன எழுதுவே?" என்று கேளுங்கள். முதல் மாதம் பிழைகளை மட்டும் பிடிப்பார்கள். மூன்றாம் மாதம் தங்கள் கட்டுரையிலேயே அதே பிழை இருப்பதைப் பிடிப்பார்கள். உங்களுக்குப் பரிசீலனைக்கு வரும் கட்டுரையை இதழாசிரியரின் அனுமதி வாங்கி மாணவரோடு சேர்ந்து பார்க்கலாம். அனுமதி இல்லாமல் காட்டக் கூடாது, அது ரகசியம்.

என் மேசையின் கீழ் டிராயரில் ஒரு கோப்பு இருக்கிறது. எனக்கு வந்த ரிஜெக்‌ஷன் கடிதங்களைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். பழையது ஒன்றில் ஆசிரியர் இரண்டே வரியில் முடித்திருப்பார். மாணவர்களுக்கு முதல் ரிஜெக்‌ஷன் வரும் அன்று அதை எடுத்துக் கொடுப்பேன். போன மாதம் ஒருத்தி வந்தாள். பத்து நிமிஷம் புரட்டினாள், ஒரு கடிதத்தைப் படித்துச் சிரித்தாள், கோப்பை மூடி வைத்தாள்.

"மேடம், ரெண்டாவதா பார்த்து வெச்சோமே அந்த ஜர்னல், அதுக்கு ரெஃபரன்ஸ் பார்மட் மாத்தணுமா?"

"மாத்தணும்."

"நாளைக்குள்ள முடிச்சுடறேன்."

"நாளைக்கு வேண்டாம். மூணாவது கமெண்டுக்கு முதல்ல பதில் யோசி. அவர் கேட்டது சரியான கேள்விதான்."